ஹாலே: ஒரு கல்வி நகரின் புகழும் பொறுப்பும்

திருச்சபை வரலாறு பயிலும் நம் மாணவர்க்கு ஹாலே என்றவுடன் சீகன்பால்குவின் பெயரே நினைவுக்கு வரும். ஜெர்மனியில் சாலே நதிக்கரையில், உப்பு வாணிகத்தால் செழித்த பழம்பெரும் நகர் அது. அதன் சந்தைத் திடலில் ஐந்து கோபுரங்கள் ஒருங்கே காட்சி தரும். நான்கு, மரியாளின் பெயர்கொண்ட ஆலயத்தினுடையவை. ஐந்தாவது, செங்கோபுரம் எனப்படும் தனி மணிக்கூண்டு. இசைமேதை ஹாண்டல் 1685இல் ஞானஸ்நானம் பெற்றது அவ்வாலயத்திலேயே.

எனினும், ஹாலேயை உலகறியச் செய்தது 1694இல் தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகமே. அங்கே தொமாசியுஸ் இலத்தீனை விடுத்து ஜெர்மன் மொழியில் விரிவுரையாற்றினார். பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1703இல் அங்குப் பயின்ற சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கினார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713இல் அவரை வந்தடைந்தன. பக்தியும் கல்வியும் கைகோத்த நகர் என்னும் புகழ் இவ்வாறு வளர்ந்தது.

ஆயினும் அப்புகழுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1721இல் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தியான் உல்ப், சீன ஞானி கன்பூசியஸின் ஒழுக்கநெறியைப் புகழ்ந்து உரையாற்றினார். வெளிப்பாட்டின் துணையின்றியும் பகுத்தறிவால் நல்லொழுக்கத்தை அறியலாம் என்பது அவர் கருத்து. பிராங்கே, லாங்கே முதலிய இறையியலார் வெகுண்டெழுந்தனர். 1723இல் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரடெரிக் வில்லியம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வெளியேறாவிடில் தூக்குத்தண்டனை என உல்புக்கு ஆணையிட்டார். அவர் மார்புர்க் நகருக்குச் சென்றார்.

நம் நாட்டைச் சார்ந்த ஒரு நூலும் இத்தகைய மனப்பான்மைக்கு இலக்காயிற்று. தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்துத் தமிழரிடமே கேட்டறிந்தும், தமிழ்ச் சுவடிகளைக் கற்றும் சீகன்பால்கு 1713இல் எழுதியனுப்பிய நூலை ஹாலேயிலிருந்தோர் அச்சிடவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

1740இல் புதிய மன்னர் இரண்டாம் பிரடெரிக் உல்பைத் திரும்ப அழைத்தார். துரத்திய நகரே அவரைத் திரண்டு வரவேற்றது. அவரைத் துரத்தியதால் விசுவாசம் காக்கப்படவில்லை. அவர் மீண்டதால் அது அழிந்துவிடவுமில்லை.

இதனால் பிராங்கேயின் தொண்டு சிறுமையுறாது. அநாதைக்கு அப்பமும் எழுத்தும் ஈந்த அதே கரம், உடன் ஆசிரியரின் வாயை அடைக்கவும் துணிந்தது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். மெய்ப்பக்தி உடையோரையும் அச்சம் ஆட்கொள்ளக்கூடும். நம் வகுப்பறையில் ஒரு மாணவன் இடறலான வினா எழுப்பும்போது, நமக்கு முதலில் எழுவது மறுமொழியா, சினமா? கோபுரங்கள் ஒரு நகருக்கு அழகு தரும்; அதன் கல்விப் புகழுக்கு உரைகல்லோ, வினாவை அது எதிர்கொள்ளும் விதமே.