ஸ்விட்சா, கதவா? மேல இருந்து இழுத்தா வர்ற பலகையின் கதை

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கல.

இன்னிக்கு மேட்டர், ஃபோன் திரையோட உச்சியில விரலை வெச்சுக் கீழ இழுத்தா ஒரு பலகை வருமே, அது. வைஃபை, ப்ளூடூத், டார்ச் எல்லாம் வரிசையா நிக்குமே, அதேதான். ஆண்ட்ராய்டுக்காரங்க குயிக் செட்டிங்ஸ்ம்பாங்க, ஆப்பிள்காரங்க கன்ட்ரோல் சென்டர்ம்பாங்க. இதுக்கெல்லாமா ஒரு வரலாறுன்னு சிரிக்கறவங்க கொஞ்சம் யோசிங்க. வீட்டு ஸ்விட்ச் போர்டை யாரோ ராத்திரியோட ராத்திரியா வந்து மாத்தி வெச்சுட்டுப் போனா சும்மா இருப்போமா? ஃபேன் ஸ்விட்சைத் தட்டினா ஃபேன் சுத்தாம, "எந்த ஃபேன் வேணும்?"னு ஒரு பெட்டி திறந்தா? ஃபோன்ல பல வருஷமா இதுதான் நடந்துட்டிருக்கு.

ஆரம்பம் ஸ்மார்ட்ஃபோன்ல இல்ல. பழைய நோக்கியா வெச்சிருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பவர் பட்டனை லேசா ஒரு தட்டு தட்டினா ஜெனரல், சைலன்ட், மீட்டிங்னு ஒரு பட்டியல் வரும். மெனுவுக்குள்ள போகாமலே கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு சைலன்ட்ல போட்டுடலாம். 2003ல வந்த நோக்கியா 1100ல இன்னும் ஒரு படி மேல. 'சி' பட்டனை அழுத்திப் பிடிச்சா டார்ச். உலகத்துலயே அதிகமா வித்த ஃபோன்கள்ல அது ஒண்ணு, 25 கோடிக்கு மேல போச்சு. எங்கப்பா கைல இருந்ததும் அதுதான். கரண்ட் போன அடுத்த நொடி வெளிச்சம் வரும். பார்க்கவே வேண்டாம், விரலுக்கே பட்டன் எங்கன்னு தெரியும்.

டச் ஃபோன் வந்ததும் இந்த சுகம் காணாமப் போச்சு. 2007ல வந்த முதல் ஐஃபோன்ல வைஃபையை அணைக்கணும்னா செட்டிங்ஸுக்குள்ள போய், வைஃபைங்கற வரியைத் தொட்டு, உள்ள இருக்கற ஸ்விட்சைத் தள்ளணும். ஆண்ட்ராய்டுல 2009ல ஹோம் ஸ்கிரீனுக்கு ஒரு பட்டை மாதிரி விட்ஜெட் வந்துச்சு. வைஃபை, ப்ளூடூத், ஜிபிஎஸ், சிங்க், வெளிச்சம்னு அஞ்சு பட்டன். அழகா இருக்காது, ஆனா தட்டினா வேலை நடக்கும். 2010ல சாம்சங் தன்னோட முதல் கேலக்ஸி எஸ்ல இதே மாதிரி பட்டன்களை நோட்டிஃபிகேஷன் பலகைக்குள்ள கொண்டு வந்து வெச்சாங்க. நாம இன்னிக்குப் பார்க்கற வடிவத்துக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

ஆனா "எந்த பட்டன் எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்றேன்"ங்கற குரல் கம்பெனிகள்கிட்ட இருந்து வரல. பொட்டியைப் பிரிச்சு மேயற பசங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு. ஸ்டீவ் கோண்டிக் 2009ல ஆரம்பிச்ச சயனோஜென்மாட், நோட்டிஃபிகேஷன் பலகைல பட்டன் வரிசையைக் குடுத்ததோட நிக்காம, எது வேணும், எது வேண்டாம், எந்த வரிசைலங்கறதை நம்மகிட்டயே விட்டுச்சு. அதே 2009ல கூகுள் தன்னோட ஆப்களை அதோட சேர்த்துக் குடுக்கக் கூடாதுன்னு வக்கீல் நோட்டீஸ் விட்டதும் நடந்துச்சு, அது தனிக்கதை. நான் காலேஜ் முதல் வருஷம், வாரன்ட்டியைத் தலைமுழுகிட்டு ஃபோனை ரூட் பண்ணி சயனோஜென்மாட் ஏத்தினதுக்குக் காரணமே இந்தப் பட்டன்கள்தான். ஹாஸ்டல் வைஃபை மாடிப்படி தாண்டினா செத்துடும். டேட்டாவுக்குத் தாவ ஒரே தட்டு வேணும், அவ்வளவுதான் ஆசை.

ஆப்பிள் பக்கமும் இதே கதைதான். ஜெயில்பிரேக் பண்ணவங்க எஸ்பிசெட்டிங்ஸ்னு ஒண்ணு போட்டுக்கிட்டு, மேல் பட்டைல விரலைத் தேய்ச்சா பட்டன் பலகை வர்ற மாதிரி வெச்சிருந்தாங்க. பண்ணாதவங்க ஐஓஎஸ் 5ல ஒரு சந்து கண்டுபிடிச்சாங்க: செட்டிங்ஸோட குறிப்பிட்ட பக்கத்துக்கு நேரா போற லிங்க்கை ஹோம் ஸ்கிரீன் ஐகானா மாத்தறது. 2012ல வந்த 5.1ல ஆப்பிள் அந்தச் சந்தையும் சுவர் வெச்சு அடைச்சாங்க. அடுத்த வருஷமே, 2013ல, ஐஓஎஸ் 7ல கன்ட்ரோல் சென்டர்னு மேடைல காட்டினாங்க. கூட்டம் கைதட்டிச்சு. ஜெயில்பிரேக் கோஷ்டி என்ன நினைச்சிருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கங்க :-)

இப்போ தலைப்புக்கு வர்றேன். கூகுள் தன்னோட சொந்த ஆண்ட்ராய்டுல குயிக் செட்டிங்ஸ் வெச்சது 2012 நவம்பர்ல, 4.2ல. அதுல ஒரு வேடிக்கை. வைஃபை கட்டத்தைத் தொட்டா வைஃபை அணையாது, வைஃபை செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். அதாவது அது ஸ்விட்ச் இல்ல, கதவு. ஜனங்க புலம்பின புலம்பலோ என்னவோ, 2013 பிப்ரவரில 4.2.2ல "அழுத்திப் பிடிச்சா ஸ்விட்ச்"னு ஒரு சமாதானம் பண்ணினாங்க. அங்க இருந்து இன்னிக்கு வரைக்கும் இந்தப் பலகையைப் பத்தி நடந்த பெரிய சண்டைகள்ல பாதிக்கு மேல இந்த ஒரே கேள்விதான்: ஸ்விட்சா, கதவா?

நம்ம ஊர்ல இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்ல, காசுப் பிரச்சினை. 2016 செப்டம்பர்ல ஜியோ வர்றதுக்கு முன்னாடி ப்ரீபெய்ட்ல டேட்டாவை எப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தோம்! வாட்ஸப் பார்க்கணும்னா ஆன், பார்த்ததும் ஆஃப். பேக் தீர்ந்தது தெரியாம விட்டுட்டா மெயின் பேலன்ஸ்ல கை வெச்சுடும். கூகுளோட 4.2ல அந்தக் கட்டத்தைத் தொட்டா டேட்டா எவ்வளவு செலவாச்சுங்கற பக்கம் திறக்கும். மறுபடி கதவு. ஐஃபோன் கன்ட்ரோல் சென்டர்லயோ டேட்டாவுக்குன்னு பட்டனே 2017 வரைக்கும் இல்ல. சாம்சங், மத்த கம்பெனி ஃபோன்கள்ல ஒரே தட்டுல அணையற மொபைல் டேட்டா பட்டன் இருந்துச்சு. எங்க வீட்டுல "தேவையில்லாத சமாச்சாரம் திணிச்ச ஃபோன்"னு நான் கிண்டல் பண்ணினாலும், அம்மா, சித்தி எல்லாருக்கும் அந்தப் பட்டன் இருந்தாப் போதும்.

பட்டன் இல்லாததுக்கு வேற ஒரு விலையும் குடுத்திருக்கோம். டார்ச்சையே எடுத்துக்கங்க. 2003ல 1100ல இருந்த வசதி, ஐஃபோன் பலகைக்கு 2013லயும் ஆண்ட்ராய்டு பலகைக்கு 2014ல 5.0லயும்தான் வந்துச்சு. நடுவுல? ஸ்டோர்ல போய் டார்ச் ஆப் தேடினோம். ஆண்ட்ராய்டு 6.0 வர்ற வரைக்கும் ஃப்ளாஷ் லைட்டை மட்டும் எரிய வைக்கறதுக்குத் தனி வழி இல்ல, ஆப் கேமராவையே திறக்கணும். அதனால டார்ச் ஆப் கேமரா அனுமதி கேட்டா நியாயம்னு நாமும் குடுத்தோம். இருக்கட்டும்னு இன்னும் நாலு அனுமதியும் சேர்த்தே குடுத்தோம். 2013 டிசம்பர்ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன், பிரைட்டஸ்ட் ஃப்ளாஷ்லைட்ங்கற ஆப் மேல நடவடிக்கை எடுத்தாங்க. கோடிக்கணக்குல டவுன்லோட் ஆன ஆப். வெளிச்சம் குடுத்துக்கிட்டே ஆள் எங்க நிக்கறாங்கற விவரத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பிட்டிருந்துச்சு. "வேண்டாம்"னு மறுக்க ஒரு பட்டன் இருந்துச்சாம், ஆனா நாம ஒப்புக்கறதா மறுக்கறதான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே தகவல் கிளம்பிடும்! பலகைல ஒரு கட்டத்தைச் சேர்க்க கம்பெனிகளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு ஒரு புரோகிராமரா யோசிச்சா எரிச்சல்தான் வருது.

சரி, இஷ்டப்படி மாத்திக்கற விஷயத்துக்கு வருவோம். 2015ல 6.0ல, பலகைல இருக்கற கியர் சின்னத்தை அழுத்திப் பிடிச்சா ஒரு ரகசிய அறை திறக்கும். சிஸ்டம் யுஐ ட்யூனர்னு பேர். அதுல பட்டன்களை இடம் மாத்தலாம். உள்ள போறப்போ "சிலருக்கு ஜாலி, எல்லாருக்கும் இல்ல"ங்கற தோரணைல ஒரு எச்சரிக்கை வேற. ஏதோ கிட்னி ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கற மாதிரி. 2016ல 7.0ல ஒளிவுமறைவு போய் நேரடியா எடிட் பட்டனே வந்துச்சு, கூடவே மத்த ஆப்களும் தங்களோட கட்டத்தை அங்க வைக்கலாம்னு அனுமதி. இதை சயனோஜென் முந்தின வருஷமே தன்னோட எஸ்டிகேல குடுத்திருந்தாங்க. 2016 டிசம்பர்ல சயனோஜென்மாட் கடையைச் சாத்திட்டாங்க. லினேஜ்னு பேர் மாத்தி இன்னிக்கும் ஓடுது.

எடிட் பட்டன் வந்தாச்சு, சண்டை முடிஞ்சுதுன்னுதானே நினைப்போம்? 2017 செப்டம்பர். ஐஓஎஸ் 11. ஆப்பிளும் இறங்கி வந்து, "வேணுங்கற பட்டனைச் சேர்த்துக்கங்க"ன்னாங்க. நல்லது. அதே கையோட வைஃபை, ப்ளூடூத் பட்டன்களோட அர்த்தத்தையே மாத்திட்டாங்க. வைஃபையைத் தட்டினா அணையாது, அப்போ இணைஞ்சிருக்கற நெட்வொர்க்கை மட்டும் விடும். நீங்க வேற இடத்துக்குப் போனாலோ, ஃபோனை அணைச்சுப் போட்டாலோ, இல்ல மறுநாள் காலைல அஞ்சு மணி ஆனாலோ தானா மறுபடி இணைஞ்சுக்கும். ஏர்டிராப், ஆப்பிள் வாட்ச், பென்சில் எல்லாம் தடையில்லாம வேலை செய்யணுமாம். காரணம் புரியுது. ஆனா அணைஞ்ச மாதிரி நடிக்கற ஸ்விட்ச் என்ன ஸ்விட்ச்? எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் அக்டோபர்ல இதைக் கடுமையா கண்டிச்சு எழுதினாங்க. டிசம்பர்ல 11.2ல, முதல் தடவை தட்டும்போது "இது முழுசா அணையாது"ன்னு ஒரு விளக்கப் பெட்டி வந்துச்சு. பட்டன் மாறல, விளக்கம்தான் வந்துச்சு. கதவைக்கூட மன்னிச்சுடலாம், இந்த ரகத்தை என்னால மன்னிக்க முடியல.

2021ல கூகுளோட முறை. ஆண்ட்ராய்டு 12ல கட்டங்கள் பெரிய மாத்திரை சைஸுக்கு ஊதிப் போச்சு. முதல் இழுப்புல ஆறு தெரிஞ்ச இடத்துல நாலுதான். அதைவிட, வைஃபையும் மொபைல் டேட்டாவும் ஒண்ணாகி "இன்டர்நெட்"னு ஒரே கட்டம். தட்டினா ஒரு பெட்டி திறக்கும், அதுல போய் அணைக்கணும். ஒன்பது வருஷம் கழிச்சு மறுபடி கதவு! ஜனங்க கூகுளோட பிழைப்பட்டியல்லயே போய் வரிஞ்சு கட்டிக்கிட்டு எழுதினாங்க. கூகுள் சொன்ன பதில்: வைஃபை சரியில்லேன்னு அணைக்கறவங்க திரும்பப் போட மறந்துடறாங்க, தெரியாமலே மொபைல் டேட்டா செலவாகுது. உண்மைதான், எங்க வீட்டுலயே நடக்குது. ஆனா மறக்கறவங்களுக்கு இந்தப் பெட்டியும், வேணும்னே அணைக்கறவங்களுக்குத் தனி வைஃபை கட்டமும் குடுக்கறதுக்கு என்ன? எடிட் பட்டன்தான் 2016லயே இருக்கே!

வேற ஆப் போட்டு சரி பண்ணிக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு: அந்த வழியும் இதுக்குள்ள மூடியாச்சு. மொபைல் டேட்டாவைத் தொடற வழி 2014லயே சாதாரண ஆப்களுக்கு அடைபட்டுச்சு. வைஃபையை ஆன், ஆஃப் பண்றது 2019ல ஆண்ட்ராய்டு 10ல. திருட்டு ஆப்கள் பண்ணின அழும்பைப் பார்த்தா அந்தப் பூட்டு அவசியம்தான், அதுல நான் கம்பெனி பக்கம். ஆனா ஆப்களுக்கு வழியை மூடின அப்புறம், பலகைல இருக்கற ஒரே பட்டனையும் கதவாக்கினா வீட்டுக்காரன் எங்க போவான்?

எல்லா விஷயத்துலயும் ஒரே தட்டுதான் உசத்தின்னு சொல்ல வரல. போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் அம்மாவோட ஃபோன் ரெண்டு மணி நேரம் கிடைக்கல. பஸ்ல வர்றாங்க, எனக்கு இங்க கை காலெல்லாம் உதறுது. கடைசில பார்த்தா பூட்டுன திரைல, பைக்குள்ள உரசி ஏரோப்ளேன் மோட் விழுந்திருக்கு. கம்பெனி பேர் வேண்டாம். பூட்டைத் திறக்காமலே நெட்வொர்க்கை அணைக்க முடிஞ்சா அது திருடனுக்கும் சௌகரியம், ஃபோன் இருக்கற இடத்தைத் தேட முடியாது. ஐஃபோன்ல பூட்டுன திரைல கன்ட்ரோல் சென்டர் வராம தடுக்க செட்டிங்ஸ்ல இடம் இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்க ஃபோன்ல இதை ஒரு தடவை பார்த்துடுங்க.

2025ல சாம்சங் ஒன் யுஐ 7ல நோட்டிஃபிகேஷன் இடது பக்கம், பட்டன்கள் வலது பக்கம்னு ரெண்டா பிரிச்சப்போ, "ஆப்பிளைக் காப்பியடிச்சுட்டான்"னு எங்க டீம்ல ஒரே ரகளை. ஐஃபோன் எக்ஸ் 2017ல வலது மூலைக்குப் போனதும், ஷாவ்மி 2020ல மியுஐ 12ல அதே மாதிரி பண்ணினதும் நிஜம். ஆனா 2012லயே கூகுளோட நெக்ஸஸ் 10 டேப்லெட்ல இடது பக்கம் இழுத்தா நோட்டிஃபிகேஷன், வலது பக்கம் இழுத்தா குயிக் செட்டிங்ஸ்! யார் யாரைக் காப்பியடிச்சான்னு பட்டிமன்றமே வைக்கலாம். சாம்சங் ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. பழைய மாதிரி ஒண்ணாவே வேணும்னா மாத்திக்க ஒரு ஆப்ஷன் வெச்சாங்க.

2024ல ஐஓஎஸ் 18ல பட்டன்களை இஷ்டத்துக்குப் பெரிசு, சிறிசாக்கி, பக்கம் பக்கமா அடுக்கி, மத்த ஆப்களோட பட்டனையும் வெச்சுக்கலாம்னு ஆச்சு. 2025 செப்டம்பர்ல வந்த ஆண்ட்ராய்டு 16 அப்டேட்ல அந்த ஊதின கட்டங்களைப் பாதியா சுருக்கிக்கலாம். 2021ல கேட்டதுக்கு 2025ல பதில். சயனோஜென்மாட் பசங்க இதையெல்லாம் சம்பளம் வாங்காம பண்ணிட்டிருந்தாங்க.

என் பலகைல முதல் நாலு: இன்டர்நெட், டார்ச், ஹாட்ஸ்பாட், திரை சுத்தாம நிறுத்தறது. உங்க நாலு என்னன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்களுக்கு ஒரு தகவல். ஆண்ட்ராய்டுல இந்தப் பலகையோட வரிசை முழுக்க ஒரே ஒரு செட்டிங் வரிலதான் இருக்கு. கட்டங்களோட பேர், நடுவுல கமா, அவ்வளவுதான்.