குறி எழுதும் நொதியும் அதன் ஆயுளும்

நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபுச் செய்தியே அடங்கியுள்ளது. ஆயினும் ஈரலின் அணு பிரிந்தால் ஈரல் அணுவே தோன்றுகிறது. தோல் அணு தோன்றுவதில்லை. தான் இன்னது என்பதை அணு எங்ஙனம் நினைவிற் கொள்கிறது?

இவ்வினாவுக்கு 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸும், இங்கிலாந்தில் ராபின் ஹாலிடே, ஜான் பியூ இருவரும் தனித்தனியே ஒத்த விடை கூறினர். டி.என்.ஏ. இழையின் மீது மெத்தில் என்னும் சிறு இரசாயனத் தொகுதிகள் குறிகளாக ஒட்டியுள்ளன. இழை இரட்டிக்கும்போது, பழைய இழையின் குறிகளைப் பார்த்துப் புதிய இழையில் இடும் நொதி ஒன்று இருத்தல் வேண்டும் என்றனர். ஏடு பெயர்த்தெழுதுவோன் பணியை ஒத்தது அது.

1988-இல் டிமதி பெஸ்டரும் உடனாய்வாளரும் எலியில் அந்நொதிக்குரிய மரபணுவை இனங்கண்டனர். டி.என்.எம்.டி.1 என்பது அதன் பெயர். 1992-இல் அம்மரபணுவைச் சிதைத்தபோது எலிக்கருக்கள் பிறக்குமுன்னரே மடிந்தன. நொதி குன்றினால் வாழ்வில்லை. ஆனால் புற்றுநோய் அணுக்கள் பலவற்றில், கட்டியைத் தடுக்கும் மரபணுக்களின் மீது தகாத குறிகள் படிந்து அவற்றை ஊமையாக்குகின்றன. எனவே எழுதுவோனுக்கும் ஓர் அளவு வேண்டும். அவ்வளவை வகுப்பது யார்?

இங்கேதான் நாம் வியப்படைகிறோம். குறி இடும் நொதியின் ஆயுளையும் குறிகளே வரையறுக்கின்றன. செட்7 என்னும் வேறொரு நொதி, டி.என்.எம்.டி.1-இன் 142-ஆம் அமினோ அமிலத்தின் மீது மெத்தில் குறி இடுகிறது. குறி பெற்ற நொதி அழிவுக்கு உள்ளாகிறது. எல்.எஸ்.டி.1 அக்குறியை நீக்கி நொதியைக் காக்கிறது. இவ்விரண்டும் 2009-இல் வெளியாயின. அண்டையிலுள்ள 143-ஆம் இடத்தில் பாஸ்பேட் அமர்ந்துவிட்டால் மெத்தில் குறிக்கு இடமில்லை என்பது 2011-இல் தெளிவாயிற்று.

அழிக்கும் முறையும் ஒழுங்குடையதே. யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல் நொதியில் பதிகிறது. முத்திரை பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் அமைப்பு துண்டாடுகிறது. 2007-இல் இந்நொதியைப் புதிய இழைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி எனக் கண்ட யு.எச்.ஆர்.எஃப்.1 புரதமே, இம்முத்திரையைப் பதிக்கவும் வல்லது என 2010-இல் அறியப்பட்டது. யு.எஸ்.பி.7 முத்திரையைக் களைகிறது.

இவ்வரலாற்றில் மருந்து அறிவை முந்திக்கொண்டது. 1964-இல் பிராக் நகரில் ஆக்கப்பட்ட அசாசைட்டிடின், முதலில் அணுக்கொல்லி மருந்தாகவே கருதப்பட்டது. அது மெத்தில் குறிகளைக் குறைக்கிறது என்பதை 1980-இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினர். 2004-இல் எலும்பு மச்சை நோய் ஒன்றுக்கு அமெரிக்க அரசு அதனை அனுமதித்தது. அதன் இனத்து மருந்தொன்று டி.என்.எம்.டி.1-ஐப் புரோட்டியசோமுக்கு இரையாக்குகிறது என்பது 2005-இல்தான் தெரிந்தது. அணு தானே ஆண்டுவந்த வழியையே, நாம் அறியாமலே, மருந்தாகக் கையாண்டிருக்கிறோம்.