சிசேரியன் தழும்பும் ரத்தப் பரிசோதனையும்

உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இரண்டாவது கர்ப்பத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற ஒன்று அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று வீட்டில் ஒரே அழுகை. டாக்டரம்மா முதலில் கேட்டது, "முதல் பிள்ளை சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்று. பழைய ஆபரேஷனுக்கும் இன்றைய ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததால் வந்த பெயர் என்று பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொன்னார்கள். நம்புவதற்கில்லை. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைக்கமாட்டாள். சீசரின் தாயார் அவுரேலியாவோ மகன் தளபதியாகிப் போர் நடத்தும் காலம்வரை இருந்தார்.

19-ஆம் நூற்றாண்டில்கூட வயிற்றைத் தைப்பார்களே தவிர கருப்பையைத் தைக்கமாட்டார்கள். அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே ரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும், தாய் போய்விடுவாள். 1769-இலேயே லெபா என்ற பிரெஞ்சு சர்ஜன் கருப்பையைத் தைத்துப் பார்த்தார். அந்த வழக்கம் பரவவில்லை. 1876-இல் இத்தாலியின் பாவியா நகரில் போர்ரோ, பிள்ளையை எடுத்த கையோடு கருப்பையையும் வெட்டி எடுத்தார். தாய் பிழைத்தாள், ஆனால் அடுத்த பிள்ளை கிடையாது. 1882-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மாக்ஸ் சேங்கர், வெள்ளிக் கம்பியும் பட்டு நூலும் கொண்டு கருப்பையைத் தைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். சிசேரியன் ஆனவள் மறுபடி தாயாகும் வழி அப்போதுதான் பிறந்தது.

வழி பிறந்தது, தழும்பும் கூடவே வந்தது. நஞ்சுக்கும் கருப்பைச் சதைக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் உண்டு. தழும்பு இருக்கும் இடத்தில் அது சரியாக வளராது. நஞ்சு அங்கே போய் ஒட்டினால் சதைக்குள் வேர் விட்டுவிடும். பிரசவத்தில் கழன்று வராது. பிய்த்தால் ரத்தம் நிற்காது. நஞ்சு கீழிறங்கிக் கருப்பை வாயை மூடியிருந்த பெண்களில், இரண்டாவது சிசேரியனில் 11 சதவீதம் பேருக்கும் மூன்றாவதில் 40 சதவீதம் பேருக்கும் இப்படி இருந்ததாக 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

இனி ரத்தம். அந்தப் புரோட்டீனைச் செய்வது வயிற்றிலுள்ள சிசுவின் ஈரல். முதுகெலும்பு மூடாத சிசுக்களின் பனிக்குட நீரில் அது அதிகம் என்று 1972-இல் எடின்பரோவில் பிராக்கும் சட்கிளிஃபும் கண்டார்கள். பிறகு தாயின் ரத்தத்திலேயே அளக்க ஆரம்பித்தார்கள். 1990-களில் வேறொன்று தெரிந்தது: குழந்தை நன்றாக இருந்தும் அளவு கூடியிருந்த சில தாய்மாருக்கு, நஞ்சு சதைக்குள் புகுந்திருந்தது. நடுவில் படலம் இல்லாததால் சிசுவின் புரோட்டீன் தாயின் ரத்தத்தில் கூடுதலாகக் கசிகிறது என்று கருதுகிறார்கள். எல்லாருக்கும் அப்படிக் கூடாது. கூடினாலும் ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு சொல்லமுடியும்.

எங்கள் பெண்ணின் லேப் சீட்டில் முந்தைய பிரசவம் பற்றிய கட்டம் காலியாகவே இருந்தது. காலிக் கட்டங்களால் வரும் வம்பை ஆபீசில் நிறையப் பார்த்தவன் நான். ஸ்கேனில் நஞ்சு தழும்பை விட்டு மேலே, தள்ளியே இருந்தது. குழந்தைக்கும் குறையில்லை. நாள் கணக்கைத்தான் இரண்டு வாரம் குறைத்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாரம் ஏற ஏற அந்தப் புரோட்டீனும் ஏறும் என்றார் டாக்டரம்மா.