விடியல் அஞ்சலியும் வீட்டு நினைவும்: ஆஸ்திரேலியாவின் அன்சாக் தினம்

முன்னுரை

போரில் மாண்டாரையும் போரிலிருந்து மீண்டாரையும் நினைவுகூர ஒரு நாளைக் குறிப்பது அரசின் செயல். அந்நாள் தலைமுறை கடந்து நிலைபெறுவதோ குடும்பங்களைப் பொறுத்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் கடைப்பிடிக்கப்படும் அன்சாக் தினம் இக்கருத்துக்குத் தக்க சான்றாகும். அந்நாளை அங்குள்ள குடும்பங்கள் எவ்வாறு கழிக்கின்றன, அவ்வழக்கங்கள் எவ்வாறு தோன்றின என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சயாம் மரண ரயில் பாதையில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் மலாயாத் தமிழரும் ஒரே காட்டில் மாண்டனர் என்பதால், இவ்வாய்வு மலேசியத் தமிழர்க்கு அயலானது அன்று.

நாளின் தோற்றம்

அன்சாக் என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கூட்டுப்படையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் விடியலில் அப்படை துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கியது. எட்டு மாதப் போர் தோல்வியில் முடிந்தது. 8,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் அங்கு உயிரிழந்தனர். மறு ஆண்டே அந்நாள் நினைவுநாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1927க்குள் எல்லா மாநிலங்களிலும் அது பொது விடுமுறையாயிற்று. முதல் உலகப் போர் முடிந்தபோது, 50 இலட்சம் மக்கள்தொகையையும் எட்டியிராத அந்நாடு 60,000க்கும் மேற்பட்டோரை இழந்திருந்தது.

கல்லறை காணாத துயரம்

இறந்தோரின் உடல்கள் ஏறக்குறைய அனைத்தும் அயல்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டன. கப்பலில் பல வாரப் பயணம் சென்று மகனின் கல்லறையைக் காணும் வசதி பெரும்பாலான பெற்றோர்க்கு இல்லை. அக்குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட ஓர் உரிமை, கல்லறைக் கல்லின் அடியில் தாம் விரும்பும் வாசகத்தைப் பொறிக்கச் செய்வது. அதற்கு 66 எழுத்துகள் வரை இடமளிக்கப்பட்டது; எழுத்துக்கு மூன்றரைப் பென்னி கட்டணம் குறிக்கப்பட்டது. செல்வர் வறியர் என்னும் வேறுபாடு கல்லறையில் தோன்றக்கூடாது எனக் கருதிய நியூசிலாந்து அரசு அவ்வுரிமையைத் தன் மக்களுக்கு வழங்கவில்லை. ஒரு வாழ்நாள் துயரை 66 எழுத்துகளுக்குள் அடக்க வேண்டிய நிலையில் ஆஸ்திரேலியத் தாய்மார் இருந்தனர்.

ஆகவே, ஊர்தோறும் எழுந்த நினைவுச்சின்னங்கள் வெற்றித்தூண்களாக அல்லாமல் கல்லறைக்கு மாற்றாகவே அமைந்தன. சிட்னி நகரின் விடியல் அஞ்சலி தோன்றிய வரலாறு இதனை விளக்கும். 1927இல் அன்சாக் தினத்தின் இருள் பிரியாத வேளையில், கட்டி முடிக்கப்பெறாத நினைவுச்சின்னத்தின் முன் முதிய பெண்மணி ஒருவர் தனியே மலர் வைத்ததை முன்னாள் வீரர் சிலர் கண்டு உடன் நின்றனர் என்றும், அதுவே மறு ஆண்டு ஏறத்தாழ 150 பேர் கூடிய அஞ்சலியாக வளர்ந்தது என்றும் கூறுவர். ஆயினும், பின்னாளில் பல ஊர்களில் விடியல் அஞ்சலி முன்னாள் வீரர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஒரு பெண்ணின் தனித்துயரில் தொடங்கியதாகக் கூறப்படும் நிகழ்விலிருந்து குடும்பங்கள் நெடுங்காலம் விலகி நிற்க நேர்ந்தது எண்ணத்தக்கது.

குடும்பங்கள் நாளைக் கழிக்கும் முறை

இன்று நிலைமை வேறு. பொழுது புலருமுன் பெற்றோர் குழந்தைகளை எழுப்பிப் போர்வை சுற்றி நினைவுச்சின்னத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். ஊதுகொம்பின் இசை, மௌனம், மீண்டும் ஊதுகொம்பு என அஞ்சலி எளிமையாக நடைபெறும். சட்டையில் ரோஸ்மேரித் தழையைச் செருகிக்கொள்வது வழக்கம். நினைவின் அடையாளமாகக் கருதப்படும் அச்செடி கலிப்போலியிலும் தானாக வளர்வது. முற்பகலில் அணிவகுப்பு நடைபெறும். தாம் பெற்ற பதக்கங்களை வீரர் இடமார்பில் அணிவர். பாட்டனின் பதக்கங்களை அணியும் பேரப்பிள்ளைகளோ வலமார்பில் அணிவர். பதக்கம் தமதன்று, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அச்சிறுவேறுபாடு உணர்த்துகிறது.

வீடுகளில் ஓட்ஸ், தேங்காய்த்துருவல், சர்க்கரைப்பாகு சேர்த்து முட்டையின்றி அன்சாக் பிஸ்கட் சுடுவர். பிற்பகலில் சிலர் மதுக்கூடங்களில் நாணயம் சுண்டி ஆடுவர். வேறு சிலர் 1995 முதல் மெல்பர்னில் அந்நாளில் நடைபெறும் காற்பந்தாட்டத்தைக் காண்பர். துயரமும் களிப்பும் ஒரே நாளில் இணைந்திருப்பது, பதினாறாம் நாள் சடங்குக்குப்பின் உறவினரோடு விருந்துண்ணும் நமக்கு வியப்பளிக்காது.

தளர்ச்சியும் மீட்சியும்

இந்நாள் எதிர்ப்பின்றி வளர்ந்ததன்று. ஆலன் சீமோர் எழுதி 1960இல் அரங்கேறிய நாடகமொன்று, அன்சாக் தினத்தைப் போற்றும் தந்தைக்கும் அதன் குடிவெறியைக் கண்டு வெறுக்கும் கல்லூரி மகனுக்கும் ஒரே வீட்டில் எழும் பூசலைக் காட்டிற்று. அடிலெய்டு கலைவிழாவினர் அதனை ஏற்க மறுத்தனர். வியட்நாம் போர்க்காலத்தில் அவ்வெறுப்பு மேலும் பரவியது. வீரர் மறையுந்தோறும் நாளும் மறையும் எனப் பலர் எண்ணினர். ஆனால் 1990க்குப் பின் கூட்டம் பெருகியது. கலிப்போலிப் போரில் பங்கேற்றோருள் கடைசியாக எஞ்சியிருந்த அலெக் கேம்பல் 2002இல் காலமான பிறகும் அது குறையவில்லை. 2020இல் பெருந்தொற்றால் கூட்டங்கள் தடைபட்டபோது, குடும்பங்கள் மெழுகுவத்தி ஏந்தித் தத்தம் வீட்டுவாசலில் விடியலில் நின்றன. அரசு விழா நின்றபோதும் வீட்டு நினைவு நிற்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நமக்குரிய வினா

அன்சாக் தினத்தன்று தாய்லாந்தின் ஹெல்ஃபயர் கணவாயிலும் விடியல் அஞ்சலி நடைபெறுகிறது. போர்க்கைதிகளைக் காத்த மருத்துவர் வியரி டன்லப்பின் அஸ்தியில் ஒரு பகுதி 1994ஆம் ஆண்டு அந்நாளில் அங்குத் தூவப்பட்டது. 1998இல் ஆஸ்திரேலிய அரசு அங்கு அருங்காட்சியகம் திறந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். அவர்தம் பெயர்கள் கல்லில் உள்ளன. அவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக மாண்ட ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். அவருள் மிகப் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. ஊதுகொம்பு ஒலிக்கும் தேசிய நாளும் இல்லை. அவர்கள் சீருடை அணிந்தோர் அல்லர் என்பதே காரணம். காஞ்சனபுரியில் 1944இல் ஜப்பானியர் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் தமிழ் வாசகம் உண்டு. எனினும் அது வேலை வாங்கியவர் எழுதியது, குடும்பத்தார் எழுதியதன்று. அ. ரெங்கசாமி இப்பாதையைப் பற்றி 2005இல் வெளியிட்ட புதினத்திற்கு ‘நினைவுச் சின்னம்’ எனப் பெயரிட்டமை பொருள் பொதிந்தது.

முடிவுரை

அன்சாக் தினம் நிலைத்தமைக்குக் காரணம் இரண்டு: அரசிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது, வீட்டில் அப்பெயரைச் சொல்வோர் இருந்தனர். நம்மிடம் முன்னது இல்லை. பின்னதும் குறைந்து வருகிறது. சயாமுக்குச் சென்றவரின் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம், சென்ற ஆண்டு, திரும்பினாரா என்னும் நான்கு செய்திகளையேனும் ஒவ்வொரு குடும்பமும் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நாளைக் குறிப்பது பின்னர் நிகழலாம். பெயர்கள் மறைந்தபின் குறிக்கப்படும் நாளில் யாரை நினைப்பது?