வில்லடியில் பிறந்த சிரிப்பு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பது பழைய வழக்கம். புலவர் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" என்பார். அந்த ஆமாம் ஒருமுறை வியப்பாக வரும், மறுமுறை கேலியாக வரும். கூட்டத்தின் மனத்தில் இருப்பதைச் சொல்பவர் அவர்தான்.

தென்பாண்டிச் சீமையின் இந்த வில்லடியில் தொடங்கியவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1936-இல் 'சதி லீலாவதி' படத்தில் நடித்தார். தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்துக்கொண்டார். மனைவி டி.ஏ.மதுரம் உடன் நடித்தார். வில்லில் பக்கத்தில் இருப்பவர் செய்த வேலையைத் திரையில் அந்த அம்மையார் செய்தார். ஆமாம் என்பதோடு, வேண்டிய இடத்தில் இல்லை என்றும் சொன்னார்!

1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதாகி, 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

சிறைக்குப் பிறகு பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. கிருஷ்ணனுக்குத் திரும்பியது. ஏன்? பாகவதரிடம் ஜனங்கள் கண்டது ஒரு கனவு. கலைந்த கனவை மறுபடி காண முடியாது. கிருஷ்ணனிடம் கண்டதோ பக்கத்து வீட்டு மனிதரை. துன்பப்பட்டு ஊர் திரும்பியவருக்குத் திண்ணையில் இடம் விடாத ஊர் உண்டா?

அவரும் சும்மா சிரிக்க வைக்கவில்லை. அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' 1949-இல் வந்தது. மதுவிலக்கைப் பேசிய அப்படத்தில் 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். நந்தனார் தில்லையை நாடினார். கிந்தனோ பள்ளிக்கூடத்தை நாடினான். சிரித்து முடித்தவன் வீடு திரும்பும் வழியில், தன் ஊர்ப் பள்ளியில் யார் யாருக்கு இடமில்லை என்று எண்ணியிருப்பான்.

கொடுத்துக் கொடுத்தே கை வற்றிய அம்மனிதர் 1957 ஆகஸ்டு 30-இல் மறைந்தார். வயது 48. அவரிடம் பணியாற்றிய நெல்லைச் சீமைச் சுப்பு ஆறுமுகம், 2022-இல் மறையும்வரை வில்லைக் கைவிடவில்லை. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அதைக் கொண்டு போனார்.

சபைக்கு எதிரே நின்று சிரிக்க வைத்தவர் பலர். சபைக்குள்ளே உட்கார்ந்து "ஆமாம்" சொன்னவர் கலைவாணர்.