மிருக வைத்திய உதவியாளரும் தன்னியக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

2013ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் பல்கலைக்கழக ஆய்வாளரான கார்ல் பெனடிக்ட் ஃபிரே, மைக்கல் ஒஸ்போன் ஆகிய இருவரும் ஐக்கிய அமெரிக்காவின் 702 தொழில்களை ஆராய்ந்து, அந்நாட்டு வேலைகளுள் ஏறத்தாழ 47 விழுக்காடு கணினிமயமாக்கத்தினால் பறிபோகும் பேரிடருக்கு உட்பட்டவை எனக் கணித்தனர். அப்பட்டியலில் மிருக வைத்தியருக்கு இடர் மிகக் குறைவு. அவருக்கு அடுத்த படியிலுள்ள, பட்டயம் பெற்ற மிருக வைத்தியத் தொழினுட்பவியலாளருக்கும் அவ்வாறே. ஆனால் மூன்றாம் படியில் நிற்கும் உதவியாளரோ பேரிடர் வகுப்பிலே வைக்கப்பட்டார். ஒரே மேசையைச் சுற்றி, ஒரே விலங்கின்மீது கைவைத்து நிற்கும் மூவருக்கிடையே இத்துணை வேறுபாடு தொழிலின் இயல்பிலிருந்து எழுந்ததா, அன்றித் தொழிலுக்குச் சமுதாயம் வகுத்த படிநிலையிலிருந்து எழுந்ததா என்னும் வினாவே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வுதவியாளர் தொழிலே ஓர் இயந்திரப் புரட்சியின் விளைவு என்பது பலரும் கருத்திற் கொள்ளாத செய்தியாகும். 1791இல் இலண்டனில் மிருக வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதன் தலையாய அக்கறை குதிரையே. குதிரைக்கு வைத்தியஞ் செய்யுமிடத்து அதனைப் பிடித்து நிறுத்துவதற்குக் குதிரைக்காரன் இருந்தான், இலாடங்கட்டுவோன் இருந்தான். வைத்தியர் தமக்கெனத் தனியாக ஒருவரை அமர்த்த வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. 1908இல் ஃபோர்ட் நிறுவனத்தின் 'ரீ' மாதிரி மோட்டார் வண்டி வெளிவந்தது. நாய்களைப் பராமரிக்கும் தாதியரைப் பயிற்றுவிக்கும் கழகமொன்று இங்கிலாந்தில் தோன்றியதும் அதே ஆண்டிலேதான். இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் பொருள் பொதிந்தது. அடுத்த சில தசாப்தங்களில் நகரத் தெருக்களிலிருந்து குதிரை மறைய, அதனோடு குதிரைக்காரனும் மறைந்தான். வைத்தியரின் வருவாய் படிப்படியாக நாய், பூனை ஆகியவற்றைச் சார்ந்தது. வீட்டு விலங்கைச் சிகிச்சை நிலையத்திற்குக் கொண்டுவந்து விட்டுச் செல்லும் உரிமையாளர் அதனைப் பிடித்துக்கொண்டு நிற்பவரல்லர். அவ்விடைவெளியை நிரப்பியவர் உதவியாளர். அவருட் பெரும்பாலார் குறைந்த கூலிக்கு உழைத்த இளம் பெண்கள்.

இவர்களுக்கு என்ன பெயரிடுவது என்பது பிரித்தானியாவில் நெடுங்காலம் நீடித்த பூசலாயிற்று. 'தாதி' என்னுஞ் சொல் 1943ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மனிதருக்குப் பணிபுரியும் தாதியர்க்கே உரித்தாக்கப்பட்டிருந்தது. எனவே 1961இல் மிருக வைத்தியர்களின் அரச கல்லூரி பயிற்சித் திட்டமொன்றை ஆரம்பித்தபோது, அதிற் சித்தியெய்தியோர் 'விலங்குப் பராமரிப்புத் துணையாளர்' என்றே அழைக்கப்பட்டனர். 1984 வரை அவர்கள் 'மிருக வைத்தியத் தாதி' என்னும் பெயருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிறு சத்திரசிகிச்சைகளைச் செய்யும் உரிமை 1991இலேயே கிடைத்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இதுவே. நியூயோர்க் மாநிலத்தின் டெல்கி நகரில் முதற் பயிற்சிநெறி 1961இல் தொடங்கியது. ஆயினும் 'மிருக வைத்தியத் தொழினுட்பவியலாளர்' என்ற பெயரை அந்நாட்டு மிருக வைத்தியச் சங்கம் 1989இலேயே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னர் அவர்கள் வெறும் 'விலங்குத் தொழினுட்பவியலாளர்'. செய்த வேலை மாறுமுன்னர் பெயர் மாறவில்லை. பெயர் மாறியபோது வேலையும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது படிநிலையே. மேலேறியவருக்குக் கீழே, பயிற்சிச் சான்று எதுவுமற்ற புதியதொரு பிரிவு 'உதவியாளர்' என்ற பழைய பெயருடன் எஞ்சியது.

இனி இயந்திரம் உண்மையில் எவ்வேலையை எடுத்துக்கொண்டது என்று பார்ப்போம். முன்னர் தொழினுட்பவியலாளர் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவர். இன்று அம்மாதிரியை ஒரு பெட்டிக்குட் செலுத்தினால் சில நிமிடங்களில் எண்கள் அச்சாகி வெளிவருகின்றன. ஊடுகதிர்ப் படத்தை இருட்டறையிற் கழுவும் வேலை எண்ணிமப் படப்பிடிப்பு வந்ததும் அடியோடு ஒழிந்தது. இவையெல்லாம் பட்டயம் பெற்றோரின் வேலைகள் என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். மறுபுறத்தில், அஞ்சி நடுங்கும் நாயின் கழுத்தையும் முன்னங்காலையும் அணைத்து, ஊசி ஏறும்வரை அசையாது வைத்திருக்குங் கைக்கு மாற்றாக எந்த இயந்திரமும் வந்துவிடவில்லை. கணிப்பு தலைகீழாக நிற்கிறது என்று கூறின் அது மிகையாகாது.

மயக்க மருந்து பற்றிய சான்று இன்னும் தெளிவானது. 1974இல் யப்பானிய பொறியியலாளர் தக்குவோ அஒயாகி கண்ட கோட்பாட்டின் வழிவந்த நாடியொட்சிசன்மானி, விலங்கின் நாக்கிற் பொருத்தப்பட்டு, குருதியிலுள்ள ஒட்சிசன் செறிவைக் காட்டும். நாக்கு உலர்ந்தாலோ பற்றுக்கருவி நழுவினாலோ அது பொய்யான எண்ணைக் காட்டும். எது பொய், எது ஆபத்து என்று அறிய அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். 2002 முதல் 2004 வரை பிரித்தானியாவில் டேவிட் புரொட்பெல்ட் குழுவினர் நடத்திய பேராய்வு 98,036 நாய்களையும் 79,178 பூனைகளையும் உள்ளடக்கியது. மயக்கத்தின் விளைவாக இறந்தவை நாய்களுள் 0.17 விழுக்காடு, பூனைகளுள் 0.24 விழுக்காடு. பூனைகளில் நாடியைப் பார்ப்பதும் அக்கருவியைப் பயன்படுத்துவதும் இறப்பைக் குறைத்தன. கருவியின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பூனை இறப்புகளில் ஏறத்தாழ 61 விழுக்காடும் நாய் இறப்புகளில் 47 விழுக்காடும் சிகிச்சை முடிந்த பின்னரே நேர்ந்தன; அவற்றுட் பெரும்பாலானவை முதல் மூன்று மணித்தியாலங்களுள். அதாவது கருவிகள் கழற்றப்பட்டு, வைத்தியர் அடுத்த நோயாளியிடஞ் சென்ற பின், கூண்டருகே யாரேனும் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டிய பொழுதில்.

அவ்வாறாயின் ஒக்ஸ்போட் ஆய்வாளர் தவறியது எங்கே? அவர்கள் 70 தொழில்களைத் தாமே தரம் பிரித்து, அமெரிக்க அரசின் தொழில் விவரணைகளிலிருந்து ஒன்பது பண்புகளை எடுத்து, எஞ்சியவற்றைக் கணினியிடம் விட்டனர். தாழ்ந்த தொழிலின் விவரணை தாழ்ந்த நோக்குடனேயே எழுதப்படுவது. சுத்தஞ் செய்தல், உணவளித்தல், பிடித்தல் என்று வினைகள் பதிவாகும். அவ்வினைகளுக்குள் உறையும் அறிவு பதிவாகாது. போதாக்குறைக்கு, அப்புள்ளிவிபர வகுப்பு ஆய்வுகூட விலங்குகளைப் பராமரிப்போரையும் உதவியாளருடன் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆயிரக்கணக்கான எலிக்கூண்டுகளைக் கழுவும் வேலையை இயந்திரம் செய்யும் என்பது உண்மை. அதனைக்கொண்டு நாயைப் பிடிப்பவரின் எதிர்காலத்தை அளப்பது எவ்வாறு? தொழில்களை முழுமையாக அன்றி அவற்றுள் அடங்கிய பணிகளாகப் பிரித்து ஆர்ன்ற்ஸ், கிரெகரி, சீரான் ஆகியோர் 2016இல் 21 நாடுகளுக்குக் கணித்தபோது, 47 விழுக்காடு சராசரி 9 ஆகச் சுருங்கியமை நோக்கத்தக்கது.

இதனால் உதவியாளருக்கு ஆபத்தில்லை என்று கொள்ளலாகாது. இயந்திரம் மீதப்படுத்திய நேரம் கூண்டருகே செலவிடப்படுமா, அன்றி ஆட்குறைப்பாக மாறுமா என்பதைத் தீர்மானிப்பவர் நிலையத்தின் உரிமையாளரே. 2015இல் பிரித்தானிய அரச சாசனம் மிருக வைத்தியத் தாதியரைப் பதிவேட்டிற்கும் ஒழுக்காற்று விசாரணைக்கும் உட்பட்ட தொழிலாளராக அங்கீகரித்தது. அவர்களுக்குக் கீழே நின்று விலங்கைப் பிடிக்கும் பராமரிப்பு உதவியாளரின் பெயர் அச்சாசனத்தின் பதிவேட்டில் இடம்பெறவில்லை.