ஆறு மைல் ஓடியவர் ஒரே ஒரு ரவுண்டுக்கு மாறிய கதை



காலேஜ் டீமில் 5000 மீட்டர், 10000 மீட்டர் ஓடுற பிள்ளைகளில் சிலருக்கு திடீர்னு ஒரு ஆசை வரும். "நான் ஸ்பிரின்ட்டுக்கு மாறலாமா?"

கேட்ட மாத்திரத்தில் சுற்றி இருப்பவர்கள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். "உன் உடம்பு லாங் டிஸ்டன்ஸ் உடம்புப்பா. வேகம்ங்கிறது பொறக்கும்போதே வரணும்."

இப்போது இன்னும் ஒரு படி மேலே போய், எச்சிலைக் கொடுத்தால் உங்கள் பிள்ளை எந்த விளையாட்டுக்குப் பிறந்தது என்று சொல்கிறோம் என மரபணுப் பரிசோதனை விற்பவர்களும் வந்துவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு எந்த அளவுக்கு உண்மை?

இதற்குப் பதில் நம் நாட்டின் தடகள வரலாற்றிலேயே இருக்கிறது. கூடவே கொஞ்சம் மருத்துவ வரலாறும் பார்க்கலாம் வாங்க.

மில்கா சிங்.

இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கோவிந்தபுரா கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினைக் கலவரத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து, அகதியாக டெல்லி வந்து சேர்ந்தார். ராணுவத்தில் சேர முயன்று சில முறை திருப்பி அனுப்பப்பட்டு, ஒருவழியாக 1951-ல் தேர்வானார். செகந்திராபாத்தில் உள்ள இ.எம்.இ. மையத்தில் பணி.

அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கிராஸ் கன்ட்ரி போட்டி வைத்தார்கள். சுமார் ஆறு மைல் தூரம். முதல் பத்து இடத்துக்குள் வருபவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. மில்கா ஆறாவதாக வந்தார்.

கவனிங்க. இந்தியாவின் மிகப் பெரிய 400 மீட்டர் வீரர் மைதானத்துக்குள் நுழைந்தது நெடுந்தூர ஓட்டக்காரராகத்தான்!

அவர் ஆறு மைல் ஓடியதற்குக் காரணம் அவருடைய தசைநார் கிடையாது. அன்று அங்கே வைக்கப்பட்ட போட்டி அதுதான். அவ்வளவுதான் விஷயம்.

பயிற்சியாளர் ஹவில்தார் குர்தேவ் சிங் அவரை 400 மீட்டர் பக்கம் திருப்பினார். 400 மீட்டர்னா எவ்வளவு தூரம் என்று கேட்டாராம் மில்கா. மைதானத்தை ஒரு சுற்று என்று பதில் வந்ததும், ஒரு சுற்றுதானா என்று ஆச்சரியப்பட்டதாகப் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆறு மைல் ஓடியவருக்கு ஒரு ரவுண்டு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் 400 மீட்டர் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கடைசி 100 மீட்டர் என்ன பாடு படுத்தும் என்று. ஏன் அப்படி? இங்கேதான் மருத்துவம் உள்ளே வருகிறது.

நம் தசை நார்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

டைப் 1 என்பது மெதுவாகச் சுருங்கும் நார். ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தும், சீக்கிரம் களைக்காது. மாரத்தான் ஓடுபவர்களின் சொத்து இது.

டைப் 2 என்பது வேகமாகச் சுருங்கும் நார். வெடித்துக் கிளம்பும் விசையைக் கொடுக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். 100 மீட்டர் ஓடுபவர்களின் சொத்து.

எல்லோருக்கும் இரண்டும் உண்டு. விகிதம்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

இது எப்படித் தெரிய வந்தது? 1962-ல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், தொடைத் தசையில் ஊசி போட்டு துளியளவு சதை எடுத்துப் பரிசோதிக்கும் முறையை மருத்துவ ஆய்வுக்குள் கொண்டுவந்தார். அதன் பிறகு 1970-களில் ஓட்டக்காரர்களின் தசையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆரம்பித்தார்கள். தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கெண்டைக்கால் தசையில் சுமார் 70 சதவீதம் டைப் 1. ஸ்பிரின்ட் வீரர்களிடம் அது ஏறக்குறைய கால் பங்குதான்.

"பார்த்தீங்களா டாக்டர், பிறவியிலேயே வரணும்னு நாங்க சொன்னது சரிதானே?"

பொறுங்க. பாதிக் கதைதான் முடிஞ்சிருக்கு.

1960-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஜான் எக்கிள்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பூனையின் காலில் வேகத் தசைக்குப் போகும் நரம்பையும், மெதுவான தசைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, இடம் மாற்றி இணைத்தார்கள். சில மாதங்களில் மெதுவான தசை வேகமாகச் சுருங்கத் தொடங்கியது. வேகமான தசை மந்தமானது.

அதாவது, தசையின் குணம் கல்லில் எழுதியது இல்லை. நரம்பு என்ன கட்டளை கொடுக்கிறதோ அதற்கேற்ப அது மாறுகிறது. (இதே எக்கிள்ஸ் நரம்பு செல்கள் குறித்த வேறொரு ஆய்வுக்காக 1963-ல் நோபல் பரிசு பெற்றார்.)

அப்படியானால் பயிற்சி செய்து டைப் 1 மொத்தத்தையும் டைப் 2 ஆக்கிவிடலாமா? முடியாது. நரம்பை வெட்டி ஒட்டுவது வேறு, பயிற்சி வேறு. டைப் 2-க்கு உள்ளேயே உள்ள உட்பிரிவுகள் பயிற்சியால் எளிதாக மாறும். டைப் 1 நார் டைப் 2-ஆக மாறுவது கடினம். இதுதான் இன்றுவரை உள்ள பொதுவான புரிதல்.

ஆகவே சுத்தமான நெடுந்தூர உடம்பு உள்ளவர் 100 மீட்டரில் ஜொலிப்பது ரொம்பக் கஷ்டம். இதை மறைத்து யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

ஆனால் 400 மீட்டர் கதையே வேறு!

ஓட ஆரம்பித்ததும் தசையில் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின் எரியும். இது கையில் இருக்கும் சில்லறைக் காசு மாதிரி. சுமார் பத்து நொடியில் பெரும்பகுதி காலி.

அடுத்தது, ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை உடைப்பது. இது கைமாற்று வாங்குவது மாதிரி. பணம் உடனே கிடைக்கும். ஆனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறும், கால் கல்லாகிக் கனக்கும். கடைசி 100 மீட்டரில் நடப்பது இதுதான்.

மூன்றாவது, ஆக்சிஜனை வைத்து எரிப்பது. இது மாதச் சம்பளம். மெதுவாக வரும், ஆனால் நிலையாக வரும்.

இந்தக் கடன் கணக்கை முதலில் அளந்து சொன்னவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஏ.வி. ஹில். 1922-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர், தானே ஓட்டக்காரரும்கூட. ஓடி முடித்த பிறகும் வெகுநேரம் மூச்சு வாங்குகிறோமே, அதற்கு 'ஆக்சிஜன் கடன்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1927-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஓடுபவர்கள் உடம்பில் காந்தத்தைக் கட்டி, தடத்தின் ஓரமாகக் கம்பிச் சுருள்களை வைத்து, அவர்களின் வேகம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அளந்தார். என்ன ஒரு மூளை!

400 மீட்டரில் இந்த மூன்றின் பங்கு என்ன தெரியுமா? செலவாகும் ஆற்றலில் சுமார் 40 சதவீதம் ஆக்சிஜன் வழியாக வருகிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்பிரின்ட் என்று நாம் அழைக்கும் ஒரு போட்டியில் இவ்வளவு பெரிய பங்கு!

அதாவது நெடுந்தூரம் ஓடி வளர்த்த இதயமும் நுரையீரலும் ரத்தக் குழாய்களும் 400 மீட்டருக்கு வீண் போகாது. இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு வேக ஓட்டங்களுக்கு நடுவே அவர்கள் சீக்கிரம் தெம்பாகிவிடுவார்கள். அதனால் ஒரே நாளில் கூடுதல் பயிற்சி செய்ய முடியும்.

இப்போது மில்காவிடம் திரும்புவோம்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக். ஆரம்பச் சுற்றிலேயே வெளியேறினார். ஆனால் சும்மா ஊர் திரும்பவில்லை. அந்த ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற அமெரிக்காவின் சார்லஸ் ஜென்கின்ஸைச் சந்தித்து, பயிற்சி முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தோற்ற இடத்தில் ஜெயித்தவனிடம் போய்ப் பாடம் கேட்பதற்கு ஒரு மனசு வேணும்ங்க.

இரண்டே வருஷம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டர், 400 மீட்டர் இரண்டிலும் தங்கம். அதே ஆண்டு கார்டிஃப் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 440 கஜம் ஓட்டத்தில் 46.6 நொடியில் தங்கம். சுதந்திர இந்தியாவுக்குக் காமன்வெல்த் தடகளத்தில் கிடைத்த முதல் தங்கம் அது.

200 மீட்டரிலும் ஆசியாவிலேயே முதல் ஆள் என்றால் என்ன அர்த்தம்? அந்த வேகம் அவர் உடம்பில் முன்பே இருந்தது. ஆறு மைல் போட்டியில் அதை அளக்க வழியில்லை. குர்தேவ் சிங் அளந்து பார்த்தார்.

1960 ரோம். இறுதிப் போட்டி. அமெரிக்காவின் ஓட்டிஸ் டேவிஸும் ஜெர்மனியின் கார்ல் காஃப்மனும் 44.9 நொடியில் உலக சாதனை படைத்து முதல் இரண்டு இடம். தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் மூன்றாவது. மில்கா நான்காவது. எலக்ட்ரானிக் கணக்கில் ஸ்பென்ஸ் 45.60, மில்கா 45.73. வித்தியாசம் 0.13 நொடி. நாம் கண் சிமிட்டும் நேரம்தான்!

பாதி தூரத்துக்குப் பிறகு வேகத்தைச் சற்றுக் குறைத்ததுதான் காரணம் என்று வாழ்நாள் முழுக்க வருந்தினார். ஆனாலும் அந்த ஓட்டம் 1998 வரை இந்தியாவின் தேசிய சாதனையாக நின்றது. 38 ஆண்டுகள்!

தங்கம் வென்ற டேவிஸ் கதையும் கேளுங்க. அவர் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனது கூடைப்பந்து ஆட. தடகளத்துக்கு மாறியது இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு. உலக சாதனை படைத்தபோது வயது 28.

ஆக, அந்த ஒரே போட்டியில் தங்கம் வாங்கியவர், நான்காவதாக வந்தவர் இரண்டு பேருமே வேறு ஓட்டம், வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்கள். அன்று யாராவது "உன் உடம்பு இதுக்கு இல்லப்பா" என்று சொல்லி, அவர்களும் கேட்டிருந்தால்?

சரி, மரபணுப் பரிசோதனை?

2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏசிடிஎன்3 என்ற மரபணுவின் ஒரு வகை, உயர்மட்ட ஸ்பிரின்ட் வீரர்களிடம் அதிகம் காணப்படுவதாகக் கண்டுபிடித்தார்கள். உண்மையான, நல்ல ஆய்வு. ஆனால் ஒருவரின் ஓட்டத் திறனில் அந்த ஒரு மரபணுவின் பங்கு மிகச் சிறியது. திறமையைக் கண்டுபிடிக்க இத்தகைய பரிசோதனைகளைப் பயன்படுத்தக்கூடாது என்று விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2015-ல் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு நல்ல ஸ்பைக்ஸ் ஷூ வாங்கிக் கொடுங்க.

மாற நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மருத்துவராக நான் சொல்வது:

ஸ்டாப் வாட்ச்சை வைத்து 100, 200, 400 மூன்றையும் ஓடிப் பாருங்க. சில மாதப் பயிற்சிக்குப் பிறகு மறுபடி ஓடுங்க. வளர்ச்சி எங்கே தெரிகிறதோ அதுதான் உங்கள் பாதை.

முதல் வாரமே முழு வேகத்தில் ஓடாதீங்க. நெடுந்தூர ஓட்டம் தொடையின் பின்பக்கத் தசையை முழு வேகத்துக்குத் தயார் செய்வதில்லை. ஸ்பிரின்ட்டில் அதிகம் கிழிவது அதுதான். வாரக்கணக்கில் படிப்படியாக வேகத்தை ஏற்றுங்க. அந்தத் தசைக்கான வலுப் பயிற்சி கட்டாயம்.

மறுநாள் வரும் கால் வலிக்கு லாக்டிக் அமிலத்தைத் திட்டாதீங்க. அது சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். வலி, தசையில் ஏற்படும் நுண்ணிய காயத்தால் வருவது.

மில்கா பயிற்சியில் ரத்த வாந்தி எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுப் புல்லரிக்கலாம், பின்பற்றக்கூடாது. ரத்த வாந்தி, மயக்கம், நெஞ்சு வலி, டீ டிக்காஷன் நிறத்தில் சிறுநீர், இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒன்றே ஒன்று. பிள்ளை முதலில் எந்த ஓட்டத்தில் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தற்செயல். அன்று அங்கே எந்தப் போட்டி நடந்ததோ அது. அதைப் போய் அவர்களின் உடல் எல்லை என்று முடிவு கட்டிவிடாதீங்க. அளந்து பாருங்க.

மில்கா 2021 ஜூன் 18 அன்று கொரோனா பாதிப்பால் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் மனைவி, இந்திய வாலிபால் அணியின் முன்னாள் கேப்டன் நிர்மல் கவுர், ஐந்து நாள் முன்னதாக அதே நோயில் போயிருந்தார்.

செகந்திராபாத் மைதானத்தில் ஆறாவதாக வந்த ஒரு பையனை "நீ கிராஸ் கன்ட்ரியே ஓடு" என்று விட்டிருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டில், உங்கள் காலேஜில் ஓடுற பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்க.